வீட்டுக்கு விலை பூஜ்யம்

பழைய வீடு இடிந்தால் நம் கதாசிரியர்களுக்குக் கண்ணீர் வந்துவிடும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் ஒரு கடப்பாறையைக் காட்டினால் போதும். வாசகர்களும் அழத் தயார். நானே இந்த ரகத்தில் மூன்று கதைகள் எழுதிச் சன்மானமும் வாங்கியிருக்கிறேன். எங்கள் மயிலாப்பூர் வீட்டை இடிக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, அந்த மூன்றையும் எடுத்துப் படித்தேன். பொய் என்று சொல்லமாட்டேன். பாதியை மறைத்துவிட்டன.

வாங்க வந்தவர் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. தெருவின் அகலத்தைப் பார்த்தார். "எத்தனை கிரவுண்டு?" என்று கேட்டார். இரண்டு, அதாவது 4,800 சதுர அடி. 2019-இல் வந்த கட்டட விதிகளின்படி, சாதாரண உயரமுள்ள கட்டடத்தில் நிலத்தைப்போல் இரண்டு மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம். அதற்கு முன்பு ஒன்றரை மடங்கு. ஆகவே அவர் கண்ணில் பட்டது எங்கள் வீடு அல்ல, அதற்கு மேலே சும்மா கிடந்த ஆகாயம். பாதி நிலம் அவருக்கு. அதற்கு ஈடாக எங்களுக்குப் புதிய கட்டடத்தில் ஃப்ளாட்டுகள். வீட்டுக்கு விலை பூஜ்யம். நாங்களும் நான்கு பங்காளிகள். ஒரு கூடத்தை நான்காக எப்படி வெட்டுவது?

வீட்டை வீடாகப் பார்த்தவர் ஒருவர்தான்: இடிக்க வந்த மேஸ்திரி. உத்தரத்தைத் தட்டிப் பார்த்து, "பர்மாத் தேக்கு, சார்" என்றார். மரத்துக்காக அவர்தான் எங்களுக்குப் பணம் கொடுத்தார். மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களின்மேல் சின்னச் செங்கற்களைக் குறுக்குவாட்டில் நிற்கவைத்து, சுண்ணாம்பு ஜல்லியைக் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளம். அதைப் பெயர்க்கத் தம் ஆட்கள் திணறுவதைப் பார்த்து, "அந்தக் காலத்து வேலை" என்று அவர் சொன்னபோது குரலில் மரியாதை இருந்தது. என் மூன்று கதைகளிலும் அந்தத் தளம் எப்படிப் போடப்பட்டது என்று ஒரு வரி கிடையாது.

இன்னொன்றும் இல்லை: அத்தை. இருபது வயதில் தாலியிழந்து அந்த வீட்டுக்குத் திரும்பியவள். அவளுக்குக் கொடுத்தது கிணற்றடிக்குப் பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. முற்றத்து நிலாவை ரசித்தவர்கள் நாங்கள். ராத்திரியில் கொல்லைக்கோடிக்கு மழையில் நடந்தவள் அவள். வீடு போகிறதே என்று நான் தொண்டை கம்ம ஆரம்பித்தபோது, "லிஃப்ட் வைப்பானாடா?" என்று கேட்டாள்.

வைத்தான். குளியலறை படுக்கையறையோடு சேர்ந்தே இருக்கிறது. அத்தைக்கு இரண்டு ஜன்னல்கள். இவற்றைக் குறை சொல்கிறவன் அந்த அறையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும். ஆனால் அந்த ஜன்னல்களுக்கு மேலே ஒரு சாண் நிழல்கூட இல்லை. சித்திரை வெயில் நேரே கட்டில்மேல் விழுகிறது. ஏ.சி. இருக்கிறதே என்கிறார் கட்டினவர். தவிர, கறிகாய்க்காரி கூடையை இறக்கி உட்கார இடமில்லை. திண்ணையில் உட்கார யாரும் அநுமதி கேட்டதில்லை. இப்போது காவற்காரரின் நோட்டில் பெயரும் நேரமும் எழுதவேண்டும்.

வாசற்கதவை மட்டும் நான் மேஸ்திரிக்குக் கொடுக்கவில்லை. இரட்டைக் கதவு, நிலையோடு. ஃப்ளாட்டின் வாசலில் அது பொருந்தவில்லை, லிஃப்டிலும் ஏறவில்லை. கீழே கார் நிறுத்துமிடத்தில், சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். அதை எப்போது அப்புறப்படுத்துவீர்கள் என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்திருக்கிறது.