கத்திரி வெயிலும் கத்திரிக்கோலும்

முழுப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மொட்டை போடுவது நம் ஊர் வழக்கம். வேண்டுதல் பாதி, வெயில் பாதி. வழித்த தலையில் வியர்வை சட்டென்று காயும், உடம்பு குளிரும். அந்த அனுபவத்தை நம்பித்தான் கத்திரி வெயில் தொடங்கியதும் கடலூரிலும் சிதம்பரத்திலும் வீட்டு நாய்க்கும் மெஷின் போடுகிறார்கள். பொமரேனியனுக்குப் போட்டுப் பழகியதை இப்போது டெரியருக்கும் போடுகிறார்கள். நாயின் மேல் பிரியம் இல்லாதவர்கள் இதற்குக் காசு செலவழிக்க மாட்டார்கள். அந்தப் பிரியம் நாயின் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்பதுதான் கேள்வி.

நன்மைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் ஓடித் திரும்பும் நாயின் அடிமயிரில் மணலும் உப்பும் தங்கும். சிதம்பரத்தைச் சுற்றியுள்ள வயல் வரப்புகளில் நடந்தால் நாயுருவி விதைகள் வயிற்றிலும் தொடையிலும் ஒட்டிக்கொள்ளும். இவற்றைச் சுற்றி மயிர் திரண்டு, கம்பளித் துண்டுபோல் இறுகிவிட்டால் சீப்பால் இழுப்பது சித்திரவதை. அங்கே மெஷின்தான் கருணை. தோல் நோய்க்கு மருந்து தடவ வேண்டிய நாய்க்கும், நெடுநேரம் நிற்க முடியாத வயதான நாய்க்கும் அப்படியே. யார்க்‌ஷயர் டெரியருக்கு அடிமயிர் கிடையாது, பட்டுப்போன்ற ஒற்றை அடுக்கு முடிதான். அதைக் குட்டையாக வெட்டிவிடுவதில் பெரிய கெடுதல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மெஷின் ஓடியதும் தோல் கண்ணுக்குத் தெரிகிறது. மறைந்திருந்த புண்ணும் சொறியும் உண்ணியும் அன்றுதான் வெளிப்படுகின்றன.

குறை எங்கே இருக்கிறது? நாயை மனித உடம்பாக எண்ணிக் கணக்குப் போடுவதில். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தின் அடிமெத்தையில் மட்டும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. ஆகவே வழித்த முதுகில் காய்ந்து குளிரூட்ட வியர்வையே இல்லை. வெயில் தோலில் நேராக விழாமல் மறைத்த உரோமமும் போய்விடுகிறது. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. வெள்ளை நிற டெரியர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வெள்ளை புல் டெரியரின் தோல் வெயிலில் வெந்து, நாளடைவில் புற்றாக மாறக்கூடும் என்பது கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த சிக்கல்.

கம்பி மயிர் டெரியரின் கதை தனி. டெரியர் என்பது மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். பிரிட்டனில் எலியையும் நரியையும் வளைக்குள் புகுந்து விரட்ட வளர்க்கப்பட்ட இனம். முள்ளும் மழையும் தாங்க வெளியே முரட்டு மயிர், உள்ளே மென்மயிர் என இரண்டு அடுக்கு. முற்றிய வெளிமயிர் தானாக முழுவதும் உதிராது, வேரில் தளர்ந்து நிற்கும். அதை விரலால் பிடித்து, வளர்ந்த திசையிலேயே இழுத்தால் வந்துவிடும். அந்த இடத்தில் புதிதாக முரட்டு மயிர் முளைக்கும். மெஷினில் வெட்டினாலோ செத்த மயிரின் அடி உள்ளேயே தங்கிவிடுகிறது. நாளடைவில் மென்மயிர் மேலோங்கி, நிறம் வெளிறி, உரோமம் பஞ்சுபோல் ஆகிறது. பஞ்சு ஈரத்தைப் பிடிக்கும், எளிதில் சிக்காகும். கடற்காற்றிலேயே ஈரம் நிறைந்த கடலூரில், ஐப்பசி அடைமழையில் அப்படிப்பட்ட உரோமம் காய்வதே இல்லை. காதடியிலும் அக்குளிலும் நாற்றம், அரிப்பு, பூஞ்சை. கோடையில் போட்ட மெஷினின் பலனை நாய் மழைக்காலத்தில் அனுபவிக்கிறது.

அப்படியானால் எல்லோரும் கையால் பிடுங்கும் முறைக்கு மாறிவிடலாமா? அதிலும் குறை உண்டு. முழு உடம்பையும் முடிக்க மணிக்கணக்கில் ஆகும். கைப்பழக்கம் வேண்டும், தெரிந்தவர்கள் சிற்றூர்களில் அரிது. மயிர் முற்றாத நேரத்தில் இழுத்தால் நாய்க்கு வலிக்கும். கருத்தடை செய்த நாய்க்கு உரோமம் மிருதுவாகிவிட்டால் இந்த முறை எடுபடாது. புண்பட்ட தோலில் செய்யவே கூடாது. நாய்க் கண்காட்சிக்குத் தயார் செய்பவரின் அளவுகோலை வீட்டு நாயின் மேல் சுமத்தத் தேவையில்லை. வாரம் ஒரு நாள், தளர்ந்த மயிரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்தால் போதும்.

மொட்டைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம் உண்ணி. அதையும் பார்க்கலாம். நம் வீட்டு நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடித்தபின் நாயைவிட்டு இறங்கிவிடும். சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் தோலுரிக்கும். பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதும் அங்கேதான். நாயின் மேல் இருக்கும்போது காதுமடலையும் விரலிடுக்கையும் தேடிப் போகும். முதுகை வழிப்பதால் அதற்கு ஒரு நட்டமும் இல்லை. அது பரப்பும் எர்லிக்கியா நோயில் காய்ச்சல் வரும், இரத்தத் தட்டணுக்கள் குறையும், சில நாய்களுக்கு மூக்கில் இரத்தம் வடியும். இதற்கு மருத்துவர் எழுதித் தரும் உண்ணி மருந்தும், வீட்டின் இடுக்குகளைச் சுத்தம் செய்வதும்தான் வழி. மண்ணெண்ணெயும் பினாயிலும் ஊற்றுவது கொடுமை. தோல் வழியாகவும், நக்குவதால் வாய் வழியாகவும் அவை நாயின் உடம்புக்குள் போகின்றன.

என் முடிவு இது. மொட்டை ஒரு சிகிச்சை. தேவைப்படும் நாய்க்குத் தேவைப்படும் நாளில் செய்யலாம், ஆண்டுதோறும் செய்யும் சடங்காக அது இருக்கக் கூடாது. அது தரும் மிகப் பெரிய நன்மை தோலைக் காட்டுவது. அந்த நன்மையை உரோமத்தை இழக்காமலே பெறலாம். தினமும் பத்து நிமிடம் நாயைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரும்புச் சீப்பால் அடிவரை வாரி, விரலைக் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் விட்டுத் தடவிப் பார்த்தால் எதுவும் ஒளிய முடியாது. குளிப்பாட்டும் முன்பே சிக்கெடுக்க வேண்டும், நனைந்த சிக்கு இன்னும் இறுகும். குளித்தபின் அடிமயிர் வரை துவட்ட வேண்டும். நம் ஷாம்பு நம் தோலுக்கானது, நாய்க்கு அதற்குரியதை வாங்க வேண்டும்.

கத்திரியில் நாய்க்கு வேண்டியவை நிழலும், தண்ணீரும், நனைத்துவிட்ட தரையும். சிதம்பரம் தேரோடும் வீதிகளில் நண்பகல் தார் எப்படிக் கொதிக்கும் என்று செருப்பு மறந்து நடந்தவர்களுக்குத் தெரியும். வியர்க்கும் அந்தப் பாதங்களை அதன்மேல் நடத்திவிட்டு முதுகை வழிப்பதில் பயனில்லை. வெளியே கூட்டிப்போகும் முன் புறங்கையைத் தாரில் வைத்துப் பாருங்கள். உங்கள் கை பொறுக்கும் வேளைதான் அதற்கும் நடக்கும் வேளை.