நான்கு சின்னச் சக்கரங்கள்

ஸ்கேட்போர்டில் எல்லோரும் பலகையின் ஓவியத்தைப் பார்ப்பார்கள். என் கண் சக்கரத்துக்குத்தான் போகும். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி கலிஃபோர்னியாவில் யூரித்தேன் சக்கரங்களை விற்கத் தொடங்கும்வரை பெரும்பாலும் களிமண் கலவைச் சக்கரங்கள்தாம் ஓடின. சிறு கல் தட்டினாலே பலகை நின்றுவிடும், ஆள் முன்னால் போய் விழுவார். யூரித்தேன் தரையைக் கவ்விப் பிடித்தது; அந்தக் கல்லின்மேல் ஏறிக் கடந்தது.

தெருவில் படிகளைத் தாண்டிக் குதிப்பவருக்கு 50 முதல் 53 மி.மீ. விட்டம் போதும். எடை குறைவு, பலகை சட்டெனச் சுழலும். ஸ்கேட் பார்க்கின் காங்கிரீட் கிண்ணங்களில் வேகம் வடியாதிருக்க 54, 56 வேண்டும். சக்கரத்தின் கடினத்தைக் குறிக்கும் எண் இரண்டுக்குமே 99ஏ. பக்கவாட்டில் வழுக்கும்போது எழும் அந்தச் சரசரப்பு, அடடா! சாலை கரடுமுரடென்றால் மட்டும் 78ஏ மென்சக்கரம்.

ஒரே ஒரு செட்தான் வாங்க முடியுமென்றால், 54 மி.மீ., 99ஏ வாங்குங்கள்.