டிக்கன்ஸ் என்னும் பெயர்

பண்டத்தரிப்பு என்னும் யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயரைப் பகுத்து நோக்கின் 'பண்டம்', 'தரிப்பு' என இரு சொற்கள் தோன்றும். தரித்தலாவது தங்கி நிற்றல். பஸ் நிற்குமிடத்தைத் தரிப்பிடம் என்றே ஈழத்தார் இன்றும் வழங்குவர். ஆயினும் அவ்வூரார் தம் ஊர்ப்பெயரைச் சொல்லுங்கால் பண்டங்களை நினைப்பாரல்லர். தம் வீட்டையும் ஒழுங்கையையும் கோயிலையுமே நினைப்பர். வழக்கு மிகுந்தவிடத்துச் சொற்பொருள் மறைய, பெயர்க்குரியதன் இயல்பே பொருளாய் நிற்கும்.

ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸின் (1812-1870) குடும்பப் பெயரும் இத்தகையதே. 'டிக்கன்ஸ்' என்பது சாத்தானின் பெயரை வாயாற் கூற விரும்பாதார் அதற்கு மாற்றாக வழங்கிய சொல். நம் இலக்கணத்தார் கூறும் மங்கல வழக்குக்கு ஒருபுடை ஒப்பானது. 1602இல் அச்சேறிய சேக்ஸ்பியரின் நகை நாடகமொன்றிலேயே அச்சொல் பயின்று வருதலின், நாவலாசிரியராற் பிறந்த வழக்கு அதுவெனக் கொள்ளுதல் பொருந்தாது.

இன்று அப்பெயரைக் கேட்டவுடன் உள்ளத்தில் எழுவன வேறு: லண்டன் மூடுபனி, ஏழையர் விடுதி, கடனாளர் சிறை, நத்தார் விருந்து. இவற்றுட் சிறை வெறுங் கற்பனையன்று. 1824இல் தந்தையார் கடனுக்காக மார்சல்சி சிறையில் அடைபட, பன்னிரண்டு வயதுச் சிறுவன் சப்பாத்து மை செய்யும் தொழிற்சாலையிற் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினான்.

இடர் இதன் பின்னரே தோன்றுகின்றது. அப்பெயரினின்று ஆங்கிலத்தார் ஒரு பெயரடையை ஆக்கினர். வறுமை கண்ட இடமெல்லாம் அவ்வடையைச் சார்த்திவிட்டுத் திறனாய்வாளர் அமைகின்றனர். ஆசிரியரின் நகைச்சுவைக்கு அங்கே இடமில்லை. சிறைபுகுந்த அத்தந்தையாரே 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' (1849-50) நாவலில் மிக்காபர் என்னும் பாத்திரத்துக்கு மூலமானார். கடனில் மூழ்கியும் நாளை நலம் விளையும் என்று வாய் ஓயாத அம்மனிதரைக் கண்டு நகையாதார் யார்? தம் இளமையைக் கெடுத்த துயரத்தையே நகையாக மாற்றியமை டிக்கன்ஸின் தனிப்பேறு. அப்பெயரடையோ துயரை மட்டும் பற்றிக்கொண்டு நகையைக் கைவிட்டது.

சங்க நூல்களைத் தொகுத்தோர் செய்தது இதற்கு மறுதலை. இயற்பெயர் அறியப்படாத புலவர் சிலரை அவர்தம் பாட்டில் வந்த தொடராலேயே குறித்தனர். குறுந்தொகையிற் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்போர் அத்தகையர். செம்புலப்பெயனீரார் என்று சொல்லுவோன் அப்பாட்டின் உவமையையே சொல்லுகின்றான். டிக்கன்ஸின் பெயரடையை வழங்குவோன் அவர் நூலில் ஓரேட்டையும் புரட்டியிருக்க வேண்டுவதில்லை.