விவசாயி என்கிற ஒற்றைச் சொல்

புதுவை, காரைக்கால் அரசியல்வாதிகளைப் பற்றிய நினைவு மலர்களையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் கிடைக்கும்போதெல்லாம் வாசிக்கிறவன் நான். பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அடுத்து போராட்டம், தேர்தல், பதவிகளின் பட்டியல். வயல் முதல் வரியோடு முடிந்துபோகும். என் புகார் இதுதான்: இந்த எழுத்து, விவசாயி என்ற சொல்லை வெறும் நற்சான்றிதழாக ஆக்கிவிடுகிறது.

வெங்கடசுப்பா ரெட்டியாரை எடுத்துக்கொள்வோம். மடுகரைக்காரர். நெட்டப்பாக்கம் பகுதியில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக நின்றவர். 1964இலும் 1968இலும் புதுவை முதல்வரானவர். மகன் வைத்திலிங்கமும் பின்னாளில் முதல்வரானார். இதெல்லாம் எல்லோரும் எழுதுவது. ஆனால் அன்றைக்கு மடுகரையில் கொஞ்ச தூரம் நடந்தாலே இன்னொரு நாடு வந்துவிடும். 1949இல் இந்தியா சுங்க உடன்பாட்டை முடித்துக்கொண்டது. எல்லைக் கெடுபிடி கூடியது. அப்படிப்பட்ட ஊரில் உழுகிறவனுக்கு விடுதலை என்பது கொடி மட்டுமா? வண்டிப்பாதையும்தானே! 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்ததைக் குறிப்புகள் தவறாமல் சொல்கின்றன. அந்த வாக்குகளுக்குப் பின்னால் இருந்த நெல்லைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அதே ஆட்சிப்பகுதியின் இன்னொரு துண்டு காரைக்கால். புதுவையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, காவிரியின் கடைமடையில் இருக்கிறது. அரசலாறும் நாட்டாறும் தமிழ்நாட்டு மதகுகளைத் தாண்டித்தான் இங்கே வந்து சேரும். நடுவர் மன்றம் 1991இன் இடைக்காலத் தீர்ப்பில் காரைக்காலுக்கு 6 டிஎம்சி என்றது. 2007இன் இறுதித் தீர்ப்பு புதுச்சேரிக்கு 7 டிஎம்சி தந்தது. நெடுங்காட்டிலிருந்தோ திருநள்ளாற்றிலிருந்தோ ஒரு விவசாயி சட்டமன்றம் போனால், தன் வயலின் முதல் கேள்விக்கு அவர் உட்கார்ந்திருக்கும் சபையில் பதில் இல்லை. தண்ணி மேட்டூரில், சபை புதுவையில், நாற்றங்கால் இங்கே. எல்லையோரச் சட்டமன்ற உறுப்பினரின் வாழ்க்கையே இந்த முக்கோணம்தான். மலர்களோ திறப்பு விழாப் படங்களால் நிரம்பியிருக்கின்றன.

இன்னொரு கேள்வியும் உண்டு: எந்த விவசாயி? டெல்டாவில் மிராசுதாரரும் விவசாயி, குத்தகைதாரரும் விவசாயி. நடவுக்கூலிக்குப் போகும் பெண்ணை மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று, காரைக்காலுக்குத் தெற்கே கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்த வட்டார நிலக்கிழார்களின் அமைப்புக்குப் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். நெல்லை உற்பத்தி செய்தது யார் என்பதை அந்தப் பெயரே மறைத்துவிட்டது. இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார். அந்த நாவலை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது என்று பேசாமல் அதைப் படிக்க முடியாது. வாழ்க்கைக் குறிப்புகளில் அந்தப் பேச்சே எழுவதில்லை. ரெட்டியாரையோ வேறு எவரையோ இதில் குற்றவாளியாக்குவது என் நோக்கமல்ல, சொல்லைத்தான் விசாரிக்கிறேன்.

"பிரியத்துல போடுற மலர், இவ்வளவு எதிர்பார்க்கலாமா?" என்று கேட்கலாம். எதிர்பார்க்கத்தான் வேண்டும். இந்த மனிதர்களைப் பற்றிப் பெரும்பாலும் நம்மிடம் இருப்பது இந்த மலர்கள் மட்டும்தான். பேரப்பிள்ளை நாளைக்குத் தேடினால் கையில் கிடைக்கப்போவதும் இதுதான்.

அடுத்து எழுதுகிறவர் பதவிப் பட்டியலுக்கு முன்னால் கொஞ்சம் விசாரிக்கட்டும். எத்தனை மா, எத்தனை வேலி? சொந்தமா, குத்தகையா? எந்த வாய்க்கால் பாசனம்? நடவு நட்டது யார், கூலி என்ன? சபைக்குப் போன பிறகு வயலை யார் பார்த்தார்கள்? இதற்கெல்லாம் பதில் சொல்ல ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.