பயந்த பிள்ளையின் முகம்: ‘பிளாக் ஸ்வான்’ படத்தில் நட்டாலி போர்ட்மன்

‘பிளாக் ஸ்வான்’ (கறுப்பு அன்னம்) 2010இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். நெறியாள்கை டெரன் அரனொஃப்ஸ்கி. இதில் நீனா என்ற பாலே நடனக்காரியாக நடித்த நட்டாலி போர்ட்மனுக்கு 2011இல் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருது கிடைத்தது. அவரது நடிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விடயங்களைத்தான் சொல்வார்கள். ஒன்று, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து உடம்பை இளைக்க வைத்தது. மற்றது, ஆடியது அவர்தானா என்ற சர்ச்சை. இரண்டும் உடம்பைப் பற்றிய பேச்சு. அந்த நடிப்பின் பலம் முகத்திலும் குரலிலும் இருக்கிறது என்பதே என் கருத்து.

கதை இதுதான். நியூயோர்க்கில் ஒரு பாலே குழு சாய்க்கோவ்ஸ்கியின் ‘அன்னத் தடாகம்’ நாட்டியத்தைப் புதிதாக மேடையேற்றுகிறது. 1877இல் மொஸ்கோவில் முதன்முதலாக ஆடப்பட்ட நாட்டியம் அது. சாபத்தால் அன்னமான ஒடெற், அவளைப் போலவே உருவெடுத்து வந்து இளவரசனை ஏமாற்றும் ஒடீல் ஆகிய இரண்டு பாத்திரங்களையும் ஒருத்தியே ஆடுவது வழக்கம். வெள்ளை அன்னம் நீனாவுக்கு இயல்பாக வருகிறது. கறுப்பு அன்னம் வரவில்லை. பிழைவிடாமல் ஆடத் தெரிந்தவளுக்குத் தன்னை மறந்து ஆடத் தெரியவில்லை. அதைத் தேடிப் போகையில் மனம் பிளந்துவிடுகிறது. கண்ணாடியிலுள்ள உருவம் தன்பாட்டில் அசைகிறது. தோலைக் கீறிக்கொண்டு இறகு முளைக்கிறது. எது நடந்தது, எது பிரமை என்று பார்க்கிற நமக்கும் பிடிபடுவதில்லை.

இந்தப் பயங்கரங்களை விட என்னை உலுக்கியவை இரண்டு சின்னக் காட்சிகள். பிரதான பாத்திரம் கிடைத்ததும் நீனா மலசலகூடத்துக்குள் ஒளிந்து நின்று தாய்க்குத் தொலைபேசி எடுக்கிறாள். வளர்ந்த பெண்ணின் குரல் அந்தக் கணத்தில் ஐந்து வயதுப் பிள்ளையின் குரலாக உடைகிறது. சந்தோசச் செய்தியைச் சொல்கிறவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று நமக்குப் பயம் பிடிக்கிறது.

மற்றது கேக் காட்சி. தாய் எரிக்கா (பார்பரா ஹேர்ஷி) ஒரு காலத்தில் ஆடியவள். மகளுக்காக ஆட்டத்தை விட்டதாகச் சொல்பவள். அவள் பெரிய கேக் ஒன்று வாங்கி வருகிறாள். சின்னத் துண்டு போதும் என்கிறாள் நீனா. அவ்வளவுதான், தாய் கேக்கைத் தூக்கிக் குப்பையில் போடப் போகிறாள். உடனே மகள் மன்னிப்புக் கேட்டு, தாயின் விரலிலிருந்தே ஐசிங்கைச் சுவைத்து, சிரித்தும் காட்டுகிறாள். ‘உனக்காகத்தானே மகள் இவ்வளவும் செஞ்சேன்’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் விலை விளங்கும்.

சர்ச்சையையும் சொல்லிவிட வேண்டும். முழு உடலும் தெரியும் நடனக் காட்சிகளில் போர்ட்மன் ஆடியது மிகச் சொற்பம் என்றார் அவருக்குப் பதிலாக ஆடிய நடனக்காரி சாரா லேன். நெறியாளரோ மொத்தம் 139 நடன ஷொட்களில் 111 போர்ட்மனுடையவை என்று கணக்குக் காட்டினார். ஆடியவருக்குரிய பெயர் ஆடியவருக்குப் போக வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் காலைப் பதிலுக்கு ஒருவர் ஆடலாம். அந்த முகத்தை யார் பதிலுக்குத் தருவது? கமராவும் பெரும்பாலும் நீனாவின் பிடரியையும் முகத்தையும்தானே துரத்துகிறது.

கடைசியில், கண்ணாடித் துண்டால் தன்னையே குத்திக்கொண்டது தெரிந்த பிறகு, நீனா ஒப்பனை மேசை முன் இருந்து அழுதுகொண்டே முகத்துக்கு வெள்ளை பூசுகிறாள். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துச் சொன்னார். அழுகை, அச்சம், பெருமிதம் என்ற மூன்றும் ஒரே முகத்தில் ஒரே நேரத்தில் நிற்பதை இந்தக் காட்சியில் பார்த்தேன்.

என் மனத்தாங்கலும் இங்கேதான். நெறியாளர் இந்த முகத்தை நம்பி நிறுத்தவில்லை. கரகோசம், உச்சத்துக்கு ஏறும் இசை, திரையை நிறைக்கும் வெள்ளை ஒளி எல்லாம் சேர்ந்து ஒரு பிள்ளையின் அழிவைச் சாதனையாக்கிவிடுகின்றன. கற்பிக்கிறேன் என்று அவளிடம் எல்லை மீறிய நடன நெறியாளர் தோமஸும் (வின்சென்ட் கசெல்) கேள்வியின்றித் தப்பிவிடுகிறான். பழைய நாயகி பெத்தை அழைத்த அதே செல்லப் பெயரால் சாகக் கிடப்பவளையும் அழைக்கிறான். படத்துக்கு உண்மை தெரியும், ஆனாலும் கைதட்டுகிறது. கைதட்டாதது போர்ட்மனின் முகம் மட்டுமே. (வீட்டாரோடு இருந்து பார்க்கக்கூடிய படமல்ல என்பதையும் சொல்லி வைக்கிறேன்.)

படிப்பிக்கிற எனக்கு அந்த முகம் புதிதல்ல. விடை தெரிந்திருந்தும் வாய் திறக்க முன்னர் நம் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். ‘அமைதியான, நல்ல பிள்ளை’ என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதிக் கொடுக்கிறோம். 98 புள்ளி எடுத்த பிள்ளையிடம், ‘மற்ற ரெண்டும் எங்க போச்சு?’ என்று நானும் பகிடியாகக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையும் சிரித்தது. அது என்ன சிரிப்பு என்று இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் யோசிக்கிறேன்.