எடையைக் கழித்த பிறகு

குத்துச்சண்டையில் ‘பவுண்டுக்குப் பவுண்டு’ யார் பெரியவர் என்ற வழக்கு ஓய்வதே இல்லை. எடையைக் கழித்தால் மிஞ்சும் திறமையில் யார் முந்தி என்பது கேள்வி. ஆனால் இது வகுத்தல் கணக்குக்கு அடங்காது. பளுதூக்குதலைப் பாருங்கள்: 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் நயீம் சுலைமானோக்லு 190 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார். தன் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். ராட்சத உடம்புக்காரரான லாஷா தலகாட்ஸே 2021இல் தூக்கிய உலக சாதனை 267 கிலோ. அது அவர் எடைக்கு இரண்டு மடங்குகூட இல்லை. தசையின் வலு அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, எடையோ கன அளவைப் பொறுத்தது. உடம்பு பெருக்கும் அளவுக்கு வலு பெருகாது. வகுத்துப் பார்த்தால் எப்போதும் சிறியவரே ஜெயிப்பார்.

எனவே, தராசில் ஏறாததைத்தான் அளக்க வேண்டும்: தூரத்தைக் கணிப்பது, எதிராளி குத்தத் துணியும் கணத்தை முன்கூட்டிப் படிப்பது. உடல் சாதகம் இல்லாத இடத்தில்தான் இவை துலங்கும். 2025 செப்டம்பரில் டெரன்ஸ் கிராஃபோர்ட் 154 பவுண்டிலிருந்து இரண்டு பிரிவு தாண்டி, 168இல் கனெலோ அல்வாரெஸை மூன்று நடுவர்களின் கணக்கிலும் வென்றார். வலது கை ஜேபால் கனெலோவைத் தள்ளி நிறுத்தி, அவர் காலூன்றும் முன்பே விலகினார். கிராஃபோர்டின் கை நீளமானது, எனவே அவர் நிஜமாகச் சிறியவரல்ல என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான், எடை மட்டுமே உடம்பு அல்ல. ஆனால் நீண்ட கை தூரத்தைத் தரும், அதை 12 ரவுண்டும் காக்கும் புத்தியைத் தராது.

மேலே ஏறப் பிரிவே இல்லாத ஹெவிவெயிட் வீரருக்கு இந்த அளவுகோல் அநியாயமாகாதா? ஆகாது. 1974இல் கின்ஷாசாவில் முகமது அலி தன்னைவிடப் பலசாலியான ஃபோர்மனைக் கயிற்றில் சாய்ந்தபடி களைக்கவைத்து, எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். ஒரே பிரிவுக்குள்ளும் உடல் சாதகம் எதிராளியிடம் இருக்கலாம். பார்க்க வேண்டியது அதைத்தான், பட்டங்களின் எண்ணிக்கையை அல்ல.

அதனாலேயே, மேலேறித் தோற்றவரை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதை நான் ஏற்பதில்லை. 1952 ஜூனில் யாங்கி ஸ்டேடியத்தில் மிடில்வெயிட் சாம்பியன் சுகர் ரே ராபின்சன், தன்னைவிட ஏறத்தாழ 15 பவுண்டு கூடுதலான ஜோயி மேக்ஸிமோடு லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதினார். கொளுத்திய வெக்கையில் 10ஆவது ரவுண்டோடு ரெஃபரியே தாங்காமல் மாற்றப்பட்டார். 13ஆவதில் ராபின்சன் வீசிய குத்து இலக்குத் தவறி, அவரே குப்புற விழுந்தார்; 14ஆவதுக்கு எழ முடியவில்லை. பதிவேட்டில் அது தோல்வி. அந்த நேரம்வரை மூவரின் புள்ளிக் கணக்கிலும் முன்னால் இருந்தவர் ராபின்சன்தான்.