பிபிசி மைக்ரோவும் புரொஜெக்டரும்: இடைக்கருவிகள் ஒரு மதிப்பீடு

பழைய கணினியைப் புரொஜெக்டரில் இணைப்பவர்கள் பெரும்பாலும் சுவரில் படம் விழுந்ததுமே திருப்தி அடைந்துவிடுகிறார்கள். எழுத்தைப் படிக்க முடிகிறது, நிறம் தெரிகிறது, போதும் என்கிறார்கள். இதை ஓர் அளவுகோலாக ஏற்க முடியாது. ஏக்கார்ன் நிறுவனம் 1981 இறுதியில் வெளியிட்ட பிபிசி மைக்ரோ, ஒவ்வொரு பிக்சலையும் திட்டவட்டமான கடிகாரத் துடிப்பில் உருவாக்குகிறது. அந்தப் பிக்சல்கள் சுவரில் ஒரே அளவில், உரிய நிறத்தில், உரிய நேரத்தில் வந்து சேர்கின்றனவா? இடையில் வைக்கும் கருவியை எடைபோட இந்த ஒரு கேள்வி போதும். 1984-85இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் வழியே இந்தியப் பள்ளிகளுக்கும் வந்த இயந்திரம் இது. அவற்றில் ஒன்றைப் பழுதுநீக்கி மீண்டும் வகுப்பறையில் காட்ட விரும்புபவருக்கும் இதே கேள்விதான்.

இயந்திரத்தின் பின்புறம் மூன்று வெளியீடுகள். ஆண்டெனா குழிக்கான யுஎச்எஃப் வெளியீட்டை ஒதுக்கிவிடலாம். டியூனர் உள்ள புரொஜெக்டர் அரிது. காம்போசிட் எளியது, மலிவானது, கிட்டத்தட்ட எல்லாப் பழைய புரொஜெக்டரும் ஏற்பது. ஆனால் அது பிக்சலைக் காப்பாற்றுவதில்லை. இயந்திரத்தின் காட்சி வகைகளில் ஒன்றான மோடு 0-இல் வரிக்கு 640 பிக்சல். கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டால் அது 8 மெகாஹெர்ட்ஸ் அலை. பால் (PAL) தொலைக்காட்சி முறையில் நிறத்தைச் சுமக்கும் துணை அலையோ 4.43 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. நிறத்தைப் பிரிக்கும் வடிகட்டியில் அந்தக் கோடுகள் வெறும் சாம்பல் பரப்பாகிவிடும். வரிக்கு 320 பிக்சல் கொண்ட மோடு 1-இன் கோடுகள் 4 மெகாஹெர்ட்ஸில் விழுவதால், நிறம் சேர்க்கப்பட்ட வெளியீட்டில் அவை இல்லாத வண்ணங்களாகப் படிக்கப்படும். கேபிளையோ புரொஜெக்டரையோ மாற்றி இதைத் தீர்க்க முடியாது. குறை முறையிலேயே இருக்கிறது.

எஞ்சுவது ஆறு முள் கொண்ட ஆர்ஜிபி குழி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியே. ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை. ஆக எட்டு நிறம். இயந்திரம் உருவாக்கிய படம் கலப்பில்லாமல் வெளிவரும் இடம் இதுதான். தடை, அதன் 15.625 கிலோஹெர்ட்ஸ் வரி வேகம். விஜிஏ 31.5 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகிறது. சில புரொஜெக்டர்கள் விஜிஏ குழியில் 15 கிலோஹெர்ட்ஸையும் ஏற்கும் என்பது உண்மைதான். ஆனால் தொலைக்காட்சிப் படம் வருவதாக எண்ணி, அதற்கேற்ற சீராக்கங்களையெல்லாம் செய்துவிடும். இடைக்கருவி தவிர்க்க முடியாதது.

மலிவில் கிடைப்பது ஜிபிஎஸ்-8200. ஆர்கேட் விளையாட்டுப் பெட்டிகளுக்காக விற்கப்படும் பலகை. விலையை நினைத்தால் அதன் வேலை வியப்பளிக்கும். பிக்சலைப் பார்த்தால் வியப்பு போய்விடும். இன்டர்லேஸ் இல்லாத படத்தையும் இன்டர்லேஸ் என்றே கருதிக் குழைத்துவிடுகிறது. மாற்று மென்பொருள் ஏற்றினால் வெகுவாகத் திருந்தும். ஆனால் அப்போது அது உழைத்துச் சம்பாதித்த தரம். கடையில் வாங்கிய தரம் அல்ல.

ஓஎஸ்எஸ்சி (OSSC) என்ற இடைக்கருவி வேறு தரத்தைச் சேர்ந்தது. ஃபிரேமைச் சேமிக்காமல் வரியை மட்டும் இரட்டித்தும் மும்மடங்காக்கியும் அனுப்புவதால் தாமதம் என்பதே தெரியாது. விளையாட்டுகளுக்கு இதைவிட நேர்மையான கருவி இல்லை. அதே நேர்மைதான் அதன் பலவீனமும்: கணினியின் நேர ஒழுங்கு எப்படியோ அப்படியே வெளியேறும், புரொஜெக்டர் ஏற்காவிட்டால் படமே இல்லை. பிபிசியின் டிடிஎல் மின்னழுத்தத்தைத் தடையங்கள் கொண்டு குறைத்துத் தர வேண்டும். வரிக்கு எத்தனை மாதிரி என்பதைக் கையால் 1024 என்று அமைக்க வேண்டும். 64 மைக்ரோவினாடி வரியில் 16 மெகாஹெர்ட்ஸ் துடிப்புகள் அத்தனை. டெலிடெக்ஸ்ட் வகையான மோடு 7-க்குப் போனதும் கணக்கு 768 ஆகிவிடும். மறுபடி கை வைக்க வேண்டும்.

என் தீர்ப்பு ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ பக்கம். ராஸ்பெர்ரி பை ஜீரோவின் மேல் அமரும் சிறு பலகை. பிறந்ததே பிபிசி மைக்ரோவுக்காக. டிடிஎல் அளவை நேரடியாக வாங்குகிறது. மோடு மாறுவதைத் தானே உணர்ந்து கடிகாரத்தை மாற்றிக்கொள்கிறது. வெளியீட்டைக் கணினியின் 50 ஹெர்ட்ஸோடு பூட்டுகிறது. பூட்டாமல் 60 ஹெர்ட்ஸில் தள்ளினால் ஐந்தில் ஒரு ஃபிரேம் இருமுறை வந்து, நகரும் எழுத்து தடுக்கித் தடுக்கிப் போகும். 'எலைட்' விளையாட்டு இதற்கு நல்ல சோதனை: ஒரே திரையில் மேலே மோடு 4, கீழே மோடு 5. 16 மெகாஹெர்ட்ஸில் மாதிரி எடுப்பதால் இரண்டும் பிசகாமல் வருகின்றன. ஃபிரேமை நினைவகத்தில் வைப்பதால் ஓஎஸ்எஸ்சியைவிடச் சற்றுத் தாமதம் உண்டு. பாடம் நடத்த அது பொருட்டல்ல. விளையாட்டில் கூர்மையான கைக்குத் தெரியலாம்.

கருவி சரியாக இருந்தும் புரொஜெக்டரின் தெளிவளவு பொருந்தாவிட்டால் பயனில்லை. மோடு 0-இன் 640க்கு 256ஐ அகலத்தில் இரண்டாலும் உயரத்தில் நான்காலும் பெருக்கினால் 1280க்கு 1024. பிபிசி பேசிக்கின் வரைபட ஆயமும் அதுவேதான். எனவே நிரல் வரைந்த வட்டம் சுவரிலும் வட்டமாகவே நிற்கும். அக்காலத் திரைகள் அதைக் கொஞ்சம் ஒடுக்கிக் காட்டின. இருந்தும் நிரலாளரின் கணக்கை நான் மேலாக மதிக்கிறேன். 1920க்கு 1080 புரொஜெக்டரில் இது முழுமையாக அடங்கும். பழைய 1024க்கு 768 புரொஜெக்டரில் அதே வட்டத்துக்கு 960க்கு 768 வேண்டும்: மோடு 1-இன் 320 மும்மடங்காகிப் பொருந்தும், மோடு 0-இன் 640 ஒன்றரை மடங்காகிச் சிதையும்.

மோடு 7 எல்லாருக்கும் சங்கடம். 480க்கு 500 பிக்சல். உயரத்தை இரட்டித்தால் 1000, அகலமோ 960இல் ஒல்லியாகவும் 1440இல் பருமனாகவும் வரும். முழு எண் பெருக்கத்தில் சரியான விகிதம் இல்லை. இங்கே மட்டும் இலேசான குழைவை ஏற்கலாம். எழுத்துக்கு விகிதம்தான் முதன்மை.

கருவிகளைவிட அதிகமாகப் படத்தைக் கெடுப்பது கீஸ்டோன் திருத்தம். சாய்வாக வைத்த புரொஜெக்டர், படத்தை நிமிர்த்த ஒவ்வொரு வரியையும் வெவ்வேறு அளவில் சுருக்குகிறது. அதோடு முழு எண் பெருக்கம் முடிந்தது. ஓவர்ஸ்கேனும் அப்படியே: ஓரத்தை வெட்டி மீதியை இழுக்கும். மோடு 0-இல் நான்கு வரைபட அலகுக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள் வரைந்து பாருங்கள். சீரான நெய்தலாகத் தெரிந்தால் எல்லாம் சரி. அகலமான சாம்பல் பட்டைகள் மிதந்தால், பலகையை மாற்றுவதற்கு முன் கீஸ்டோனைச் சுழியமாக்கி, ஓவர்ஸ்கேனை அணைத்து, புரொஜெக்டரைச் சுவருக்கு நேராக வையுங்கள்.